பரீட்சையும் பரிட்சையும்

பாளையங்கோட்டையில் எங்களுக்குத் தமிழ் ஐயா ஒருவர் இருந்தார். அவர் திருத்திக் கொடுத்த கட்டுரை நோட்டில் நாங்கள் எழுதிய நீல மையைவிட அவர் போட்ட சிவப்பு மைதான் அதிகமாக இருக்கும். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சிவப்புப் பேனா அவரை விட்டபாடில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் முகூர்த்தம் என்றைக்கு என்று பார்க்க மாட்டார். எங்கே ஒற்று விட்டுப் போயிருக்கிறது என்று தேடுவார். கண்டுபிடித்துவிட்டால் அன்று முழுவதும் சந்தோஷமாக இருப்பார். கல்யாணத்துக்கும் தவறாமல் போவார். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் அந்தப் பிழையைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார்.

2007-ஆம் வருஷம் ஐப்பசி மாதம். தீபாவளிக்குச் சென்னையிலிருந்து என் தங்கை மகன் வந்திருந்தான். கம்ப்யூட்டர் உத்தியோகம். வெளியே மழை பிடித்துக் கொண்டுவிட்டதால், என்னைப் பார்க்க வந்த தமிழ் ஐயாவும் வீட்டுக்குத் திரும்ப முடியாமல் எங்கள் முன்கட்டில் உட்கார்ந்திருந்தார். பையன் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக் கொண்டு ஏதோ தட்டிக் கொண்டிருந்தவன், "மாமா, இங்க வந்து பாருங்க! புள்ளிக்கு இந்தப் பக்கமும் தமிழ், அந்தப் பக்கமும் தமிழ்!" என்று கூவினான்.

எட்டிப் பார்த்தேன். விலாசம் எழுதுகிற கட்டத்தில் இரண்டே இரண்டு சொற்கள் இருந்தன: உதாரணம்.பரிட்சை. இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூட இல்லை. எனக்கு மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு. நாவல் எழுதிப் பிழைக்கிறவனுக்குத் தமிழ் எழுத்தை எந்தப் புது இடத்தில் பார்த்தாலும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரிதானே இருக்கும்?

தமிழ் ஐயா கண்ணாடியைப் போட்டுக் கொண்டு குனிந்தார். அரை நிமிஷம் பார்த்தார்.

"என்னடே இது, பரீட்சைக்கே குறில் போட்டு வச்சிருக்கான்? பரீட்சை வைக்க வந்தவனே பரீட்சையில தோத்துட்டாம் போலிருக்கே!" என்றார்.

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். பையன் முகம் மட்டும் கொஞ்சம் சுண்டிப் போயிற்று. பிறகு அவனிடம் கேட்டும், நானாகப் படித்தும் தெரிந்து கொண்ட சமாசாரங்களை இங்கே சொல்கிறேன். அந்த ஒரு குறில், வேடிக்கையோடு நிற்காமல் என்னை வெகு தூரம் இழுத்துக் கொண்டு போய்விட்டது.

இன்டர்நெட்டில் ஒரு பெயரைத் தேடிப் போவது, பத்தமடையில் ஒரு வீட்டைத் தேடிப் போவது மாதிரி. திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி விசாரித்தால், "அந்த வீடு எனக்குத் தெரியாது. சேரன்மாதேவி பஸ்ஸில் ஏறிப் பத்தமடையில் இறங்கிக் கேளுங்கள்" என்பார்கள். பத்தமடையில் கேட்டால் தெருவைக் காட்டுவார்கள். தெருவில் கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். ஒருவருக்கும் எல்லாம் தெரியாது. ஆனால் அடுத்தபடி யாரைக் கேட்க வேண்டும் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். வழியில் உள்ள டீக்கடைக்காரர் நேற்றுக் கேட்டவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்ச நாள் ஞாபகத்தில் வைத்திருந்து, இன்று கேட்பவருக்கு அவரே சொல்லிவிடுவதும் உண்டு. ஏற்பாடு அவ்வளவுதான்.

முதலில் இந்த ஏற்பாடுகூட இல்லை. உலகத்திலுள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயரும் ஒரே ஒரு பட்டியலில் இருந்தது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் அதை வைத்துப் பராமரித்தார்கள். மற்றவர்கள் அவ்வப்போது பிரதி எடுத்துக் கொள்வார்கள். கிராமம் சிறிதாக இருக்கும் வரையில் ஒரு கணக்குப்பிள்ளை போதும். ஊர் பெருத்ததும் தாளவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர், பட்டியலைத் துண்டு துண்டாகப் பிரித்து, அந்தந்தத் துண்டை அந்தந்த இடத்துக்காரரே பார்த்துக் கொள்ளும் முறையை எழுதினார். 1987-இல் அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். இன்றும் உலகம் அந்த வாய்க்காலில்தான் ஓடிக் கொண்டிருக்கிறது. தலைமடையில் இருப்பவை 13 பெயர்கள். அந்த 13 பெயர்களிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இயந்திரங்கள் உலகெங்கும் பதில் சொல்லிக் கொண்டிருக்கின்றன.

இந்த விதிகளை எழுதுகிற விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சட்டம் என்றோ ஆணை என்றோ பெயர் வைக்காமல், "கருத்துச் சொல்லுங்கள்" என்கிற பொருளில் பணிவான ஒரு பெயர் வைத்து, வரிசை எண் போட்டு வெளியிடுகிறார்கள். கூட்டத்தில் வாக்கெடுப்புக் கிடையாது. சம்மதமானவர்கள் "ம்ம்ம்" என்று முனக வேண்டும். முனகலின் பலத்தைக் கேட்டுத் தலைவர் நிலைமையை ஊகிக்கிறார்! வேடிக்கைதான். ஆனால் அதற்குப் பிறகு வருவது வேடிக்கையல்ல. ஒருவரையொருவர் பார்த்துக் காப்பியடிக்காத இரண்டு பேராவது அந்த எழுத்தை மட்டும் படித்துவிட்டுத் தனித்தனியே செய்து காட்ட வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்து வேலை செய்தால்தான் முழுத் தரம் என்கிற பட்டம் கிடைக்கும்.

பத்தமடையில் கோரைப் பாய் நெய்கிறவர்கள், கல்யாணப் பாயில் பெண், மாப்பிள்ளை பெயர்களைச் சேர்த்து நெய்து கொடுப்பார்கள். இரண்டு வீடுகளில் இரண்டு பேரிடம் ஒரே மாதிரிக் குறிப்பை எழுதிக் கொடுத்து, நெய்து முடித்த பாய்களை அடுத்தடுத்து விரித்துப் பாருங்கள். பெயர்கள் ஒத்துப் போனால் குறிப்பு நல்ல குறிப்பு. ஒத்துப் போகவில்லையென்றால் கைத்திறனைக் குறை சொல்லிப் பயனில்லை; குறிப்பில் எங்கேயோ இரண்டு அர்த்தம் இருக்கிறது. தரம் எழுதுவது என்பது, இரண்டாவது அர்த்தத்துக்கு இடமில்லாமல் எழுதுவது. எங்களைப் போன்ற கதைக்காரர்கள் பிழைப்பதோ அந்த இரண்டாவது அர்த்தத்தை வைத்துக் கொண்டு! அதனால்தான் அவர்களிடம் எனக்கு ஒரு மரியாதை.

ஆனால் அந்த ஆதி ஏற்பாட்டில் நமக்கு ஒரு சங்கடம் இருந்தது. வழக்கத்தில் பெயருக்கு இடம் கொடுத்தது 37 குறிகளுக்குத்தான்: இங்கிலீஷ் எழுத்து 26, இலக்கம் 10, நடுவில் போடுகிற சின்னக் கோடு 1. திருநெல்வேலி 'டின்னவெல்லி' ஆனதும் தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆனதும் அந்த 26 எழுத்துக்குள் நம்மை மடக்கிய கதைதானே? 2020 ஜூனில் தமிழக அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களின் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலைத் திருத்தி ஆணை போட்டது. சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக் கொண்டது. பிறர் எழுத்தில் நம் பெயரைச் சரியாக எழுதுவது அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது, பாருங்கள்!

தமிழைத் தமிழாகவே எழுதலாமே என்று முயன்றவர்களில் சிங்கப்பூர்க்காரர்கள் முன்னணியில் நின்றார்கள். நா. கோவிந்தசாமி என்ற சிறுகதை எழுத்தாளர் அங்கே ஆசிரியப் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளராக இருந்தவர். தமிழைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதையே தவமாகக் கொண்டு, 1997-இல் தமிழ் இணையத்துக்கென்று முதல் மாநாடு கூட்டினார். 1999-இல் காலமாகிவிட்டார். அவரோடு வேலை செய்த சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்து டான் டின் வீ என்ற சீனரும் அவருடைய சகாக்களும் 1998-இல், எந்த மொழி எழுத்திலும் விலாசம் எழுதலாம் என்று செய்து காட்டினார்கள். 2003-இல் அதற்கு உலகத் தரம் ஒன்று வெளியாயிற்று.

தந்திரம் என்ன தெரியுமா? பழைய 37 குறிகளைத் தொடவே இல்லை. தமிழ்ப் பெயரை ஒரு கணக்குப் போட்டு இங்கிலீஷ் எழுத்தாக மாற்றி அனுப்புகிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் தமிழ் வந்துவிடும். வேஷம் போட்டுக் கொண்டு பிரயாணம் செய்கிற மாதிரி. 'பரிட்சை' என்ற சொல் எக்ஸ் என் என்று தொடங்கி, இரண்டு கோடு, பிறகு ஹெச் எல் சி ஜே 6 ஏ ஒய் ஏ 9 இ எஸ் சி 7 ஏ என்ற வேஷத்தில் போகும். இதே கணக்கைத் தமிழ் ஐயாவின் 'பரீட்சை'க்குப் போட்டால், நடுவிலுள்ள 9 இ எஸ் சி போய் 4 எஃப் 4 பி என்று வருகிறது. அதாவது குறிலுக்கு ஒரு வேஷம், நெடிலுக்கு வேறு வேஷம். இயந்திரம் எங்கள் ஐயாவைப் போலவே கறார். கண்ணை மூடிக் கொண்டு விடாது. ஆனால் அது சிவப்பு மை போடாது. எழுதியதை எழுதியபடி கொண்டு போய்ச் சேர்க்கும்.

கணக்கு சரியாக வந்தாலும், உலகம் முழுவதும் நம்பியிருக்கிற தலைமடையில் திடீரென்று புது எழுத்தை விட்டால் ஏதாவது உடைந்து போகுமோ என்று பயம். முதலில் ஸ்வீடன் நாட்டில் ஒரு சோதனைக் கூடத்தில் பார்த்தார்கள். பிறகு 2007 அக்டோபரில் 11 மொழிகளில் நிஜமாகவே தலைமடையில் வைத்தார்கள். அவற்றில் நமது தமிழும் ஒன்று. ஹிந்தி, அரபு, பாரசீகம், ருஷ்யன், கிரேக்கம், கொரியன், ஜப்பான், இத்திஷ், இரண்டு வகைச் சீனம் ஆகியவை மற்றவை. 1999-லேயே 'எக்ஸாம்பிள்', 'டெஸ்ட்' என்ற இங்கிலீஷ்ச் சொற்களை யாருக்கும் விற்காமல் ஒத்திகைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவற்றைத்தான் 11 மொழிகளிலும் பெயர்த்தார்கள். அபாயம் தெரிந்தால் உடனே பிடுங்கிவிட ஒரு ஏற்பாடும் கையில் வைத்திருந்தார்கள். பிடுங்க அவசியம் வரவில்லை.

ஆக, எங்கள் ஐயா தோற்றுவிட்டது என்று சொன்ன பரீட்சை ஜெயித்துவிட்டது! பிழையான சொல், பிழையில்லாமல் உலகமெல்லாம் போய் வந்தது. பேச்சில் நாம் 'பரிச்ச' என்றுதானே சொல்கிறோம், அதனால் என்ன என்று சமாதானம் சொல்லலாம். ஐயா கேட்கமாட்டார். ஆனால் சோதித்தது சொல்லையல்ல, சொல்லைச் சுமக்கிற தோளை. தோள் சரியாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் எனக்கு என் தாயாரின் ஞாபகம் வந்தது.

அவள் பெயர் ஆவுடையம்மாள். தகப்பனார் காலமான பிறகு அவளுக்குக் குடும்பப் பென்ஷன் வர வேண்டும். ஓர் அலுவலகத்துப் பதிவேட்டில் எந்தக் காலத்திலோ யாரோ 'ஆவடையம்மாள்' என்று எழுதிவிட்டிருந்தார்கள். ஒரே ஓர் உகரம் விட்டுப் போயிற்று. "இது வேறு பெயர்" என்று ஏழு மாசம் பணம் வரவில்லை. நான் நடையாய் நடந்தேன். அந்த ஏழு மாசமும் அவள் யாரிடமும் கை நீட்டவில்லை. கழுத்தில் கிடந்ததை மட்டும் கழற்றிக் கொடுத்தாள். கடைசியில், ஆவுடையம்மாள் என்பவரும் ஆவடையம்மாள் என்பவரும் ஒருவரே என்று தாசில்தாரிடம் ஒரு சான்றிதழ் வாங்கிக் கொண்டு வந்தேன். அதை அவள் கையில் கொடுத்தபோது, "நான் ஒருத்திதானடா இருக்கேன்? இதுக்கு ஒரு கடுதாசி வேற வேணுமாக்கும்!" என்றாள்.

வேண்டியிருந்ததே! இரண்டு பெயர் எப்போது ஒன்று, ஒரு பெயர் எப்போது இரண்டு? இந்தக் கேள்விக்கு யாராவது ஒருவர் முன்கூட்டியே உட்கார்ந்து பதில் எழுதி வைக்காவிட்டால், ஏழு மாசம் பட்டினி கிடப்பது ஏதோ ஒரு வீட்டில் ஒரு கிழவி.

தமிழ் விலாசத்துக்கு விதி எழுதியவர்களும் இதே கேள்வியில்தான் முட்டிக் கொண்டார்கள். கொற்கை என்று எழுதுங்கள். 'கொ'வின் கொம்பையும் காலையும் கம்ப்யூட்டர் ஒரே குறியாகவும் வைத்துக் கொள்ளலாம், இரண்டு குறியாகவும் வைத்துக் கொள்ளலாம். கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. இயந்திரத்துக்கோ இரண்டு வேறு கொற்கை. இதற்குப் பரிகாரம் சுலபம். வேஷம் போடுவதற்கு முன்னால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்துவிட வேண்டும் என்று தரத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

ஸ்ரீவைகுண்டம் அவ்வளவு சுலபமில்லை. பொதிகையில் பிறந்த தாமிரபரணி, கோடைமேலழகியான் தொடங்கி அணை அணையாகத் தாண்டி வந்து, எட்டாவதாகத் தேங்கி நிற்கிற ஊர் அது. அந்த 'ஸ்ரீ'யை 'ஸ'கரம் வைத்தும் எழுதலாம்; 2005-இல் யூனிகோடு எழுத்துப் பட்டியலில் புதிதாகச் சேர்ந்த 'ஶ'கரம் வைத்தும் எழுதலாம். பல அச்சு வடிவங்களில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டு வர முந்தின பரிகாரம் உதவாது. ஒருவர் ஒரு ஸ்ரீயில் பெயர் பதிந்து கடை வைத்திருக்க, இன்னொருவர் மற்ற ஸ்ரீயில் பெயர் பதிந்து அவருடைய வாடிக்கைக்காரர்களை வழிமறித்துப் பணத்தைப் பிடுங்கிக் கொண்டால்? 'ஔவை' என்று எழுத வேண்டியதை ஒகரமும் ளகரமுமாகப் பிரித்து 'ஒளவை' என்று எழுதுகிறவர்கள் இன்றும் ஏராளம். 'ர'வையும் காலையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு எது எது என்று என் பேரனுக்குச் சொல்ல எனக்கே திகைப்பாக இருக்கிறது!

தலைமடையில் இந்திய எழுத்துகள் ஒன்பதுக்கு விதி எழுத ஒரு குழு அமைந்தது. அந்த எழுத்துகள் எல்லாம் பிராமி என்ற ஒரே தாய் வயிற்றில் பிறந்தவை என்பதால் 'நவ பிராமிக் குழு' என்று பெயர். பிராமி நமக்கு அந்நியமா? சீவலப்பேரிக்குப் பக்கத்தில் மருகால்தலையில், குகைக்குள்ளே ஒருவர் கற்படுக்கை செய்து கொடுத்த செய்தியைப் பாறையில் தமிழ் பிராமியில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கொடுத்தவன் பெயரை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் பதிந்த பள்ளத்தாக்கு இது. அந்தக் குழு தமிழுக்கு எழுதிய விதிகளில், இரண்டு ஸ்ரீயும் ஒன்றுக்கொன்று மாற்று என்று இருக்கிறது. ஒன்றை ஒருவர் வாங்கினால் மற்றதை வேறொருவர் வாங்க முடியாது. படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. தாசில்தார் எழுதிய "இருவரும் ஒருவரே"தான் இது! வித்தியாசம் என்னவென்றால், இங்கே வழக்கு வருவதற்கு முன்னாலேயே சான்றிதழ் எழுதி வைத்துவிட்டார்கள்.

ஒத்திகை முடிந்ததும் நிஜப் பெயர்கள் வந்தன. இலங்கை 2010-இல் '.இலங்கை'யைத் தமிழில் பெற்றது. 2011-இல் '.சிங்கப்பூர்' வந்தது, '.இந்தியா'வும் வந்தது. அந்த வருஷம் நம் தேசத்துக்கு ஏழு எழுத்துகளில் பெயர் கிடைத்தது. மற்ற ஆறிலும் 'பாரத்'; தமிழில் மட்டும் 'இந்தியா'. நாம் எதிலும் கொஞ்சம் தனிதான்!

இதனால் எல்லாம் சுபம் என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ் எழுத்தில் மின்னஞ்சல் விலாசம் எழுதுவதற்கும் 2012-லேயே தரம் வந்துவிட்டது. நானும் ஆசையாக ஒன்று வைத்துக் கொண்டேன். சென்ற வருஷம் ஒரு கம்பெனியின் விண்ணப்பத்தில் அதைக் கொடுத்தேன். "சரியான முகவரியைத் தரவும்" என்று சிவப்பு எழுத்தில் திருப்பித் தள்ளிவிட்டது. தரம் எழுதியாயிற்று, பரீட்சையும் பாஸ், ஆனால் வாசலில் நிற்கிற காவல்காரனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. வாய்க்கால் வெட்டிவிட்டால் போதுமா? கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா என்று ஒருவர் மண்வெட்டியோடு நடந்து போய்ப் பார்க்கத்தான் வேண்டும். அந்த நடை இன்னும் பாக்கி இருக்கிறது.

2013 அக்டோபரில் ஒத்திகைப் பெயர்கள் 11-ஐயும் தலைமடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சில மாசம் கழித்துப் பையன் எனக்குச் சொன்னான். நான் பாளையங்கோட்டைக்குப் போய்த் தமிழ் ஐயாவுக்குச் சொன்னேன். அப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே கேட்டுக் கொண்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"எடுத்துட்டானா? திருத்தாமலேயா?" என்றார்.

"திருத்த முடியாதாம் ஐயா. பெயர் ஒன்றைப் போட்டால் போட்டதுதான். வேண்டாமென்றால் எடுக்கலாம், சரியானதை வேறொரு புதுப் பெயராகத்தான் போடலாம்."

ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆறு வருஷம் நின்னு வேலை பார்த்திருக்கே, பாவம்!" என்றார்.

அம்மாவின் பென்ஷன் காகிதங்கள் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன. பதிவேட்டில் கடைசி வரையில் அந்த உகரத்தைச் சேர்க்கவில்லை. தாசில்தார் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக் குத்தியதோடு சரி. குண்டூசி துருப்பிடித்திருக்கிறது. இரண்டு பெயரும் இருக்கின்றன, ஒருத்திதான் இல்லை.